வீட்டுக்குள் நடக்கும் வன்முறை: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மாளிகாவத்தை, வெள்ளவத்தை என்று நகரத்தின் பல பக்கங்களிலும் பெண்களோடு பொலிஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. சிலவற்றை அடி வாங்கியவர்கள் கேட்டார்கள், சிலவற்றை அவர்களுடைய அம்மாமார் கேட்டார்கள், ஒன்றிரண்டு சும்மா வாதாட வந்தவர்கள் கேட்டவை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் எழுதவில்லை.

இது குடும்பப் பிரச்சினைதானே, அரசாங்கக் கொள்கைக்கு இதில் என்ன வேலை?

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கணவனோ துணைவனோ இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அவனுடைய கையால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று அதில் தெரிந்தது. ஐந்தில் ஒருவருக்கு டெங்கு வந்தால் அதைக் குடும்பப் பிரச்சினை என்று யாரும் சொல்லமாட்டோம், மாநகர சபை ஏன் புகை அடிக்கவில்லை என்றுதான் கேட்போம்.

இன்னொன்று, அரசாங்கம் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. கல்யாணத்தைப் பதிகிறது, கர்ப்பிணிக்கு அட்டை கொடுக்கிறது, பிள்ளைக்கு ஊசி போடுகிறது, நிவாரணப் பட்டியலில் குடும்பத் தலைவர் யார் என்று எழுதுகிறது. இத்தனைக்கும் உள்ளே வந்துவிட்டு அடி விழும்போது மட்டும் 'அது உங்கள் வீட்டு விஷயம்' என்று வெளியே நிற்பதும் ஒரு கொள்கைதான், மோசமான கொள்கை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 1981இலேயே ஏற்றுக்கொண்டது. மகளிர் சாசனம் 1993இல் வந்தது. அதனால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல இடமே இல்லை.

சரி, சுகாதாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காயம் என்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டும். தொடர்ந்து பயத்தில் வாழ்கிற பெண்ணுக்குத் தலையிடி, வயிற்றுவலி, நித்திரையின்மை, மனச்சோர்வு எல்லாம் வருகின்றன, அவர் ஓ.பி.டி.யில் மணித்தியாலக் கணக்காக வரிசையில் நின்று பனடோல் வாங்கிக்கொண்டு போகிறார், அடுத்த மாதமும் அதே வலியோடு வருகிறார். கர்ப்ப காலத்தில் அடி விழுந்தால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த பிள்ளை. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிறவரை வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைத்திருந்தால் கிளினிக் திகதி தவறும், குளிசை முடியும். கருத்தடை மாத்திரையை ஒளித்து வைக்கிற கணவன்மாரும் இருக்கிறார்கள், இதையும் நாம் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பொலிஸுக்கு ஒரு பெண் போவது கடைசியில். பலர் போவதே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் எல்லோரும் போகிறார்கள், அதற்குக் கணவனிடமோ மாமியாரிடமோ சொல்லக்கூடிய காரணமும் இருக்கிறது. அங்கே ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், 'வீட்டில் எல்லாம் எப்படி?' என்று கேட்டால் பாதி வேலை அங்கேயே ஆரம்பிக்கிறது. வருகிற பெண்கள் எல்லோரிடமும் படிவம் வைத்துக் கேட்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்லவில்லை. அறிகுறி இருக்கிற இடத்தில் கேளுங்கள், கேட்டால் காது கொடுங்கள், நம்புங்கள், பாதுகாப்பைப் பாருங்கள், அடுத்த உதவிக்கு இணைத்துவிடுங்கள் என்கிறது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமலே இருப்பதைவிட மோசமாகிப் போகலாம்.

இங்கே பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே 'மித்துரு பியச' என்ற நிலையம் இருக்கிறது, தமிழில் 'நட்பு நிலையம்'. பயிற்சி பெற்ற தாதியோ டொக்டரோ இருப்பார். பொலிஸ் முறைப்பாடு போட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஓ.பி.டி.யில் ஒரு தாதியிடம் மெதுவாகக் கேட்டால் எந்த மாடி, எந்த அறை என்று காட்டுவார். பெயர்ப்பலகையும் ஏதோ ஆலோசனை அறை மாதிரித்தான் இருக்கும், பின்னால் யாராவது பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் புரியாது.

சுகாதாரச் சமத்துவம் என்கிறார்களே, ஆஸ்பத்திரி எல்லோருக்கும் இலவசம்தானே?

1951இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம், அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லக்கூடாது. அதற்கும் முன்னால், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையால்தான் இன்றைக்கும் மிட்வைஃப் வீடு தேடி வருகிறார். ஆனால் காசு வாங்காமல் இருப்பதும் எல்லோரும் போய்ச் சேருவதும் ஒன்றல்ல.

மூன்று பெண்களை வைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருக்கிறவர் பிரசவத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், கணவன் ஒவ்வொரு தடவையும் டொக்டரின் அறைக்குள்ளேயே பக்கத்துக் கதிரையில் உட்காருகிறான், மிட்வைஃப் அந்த மாடிக்கு ஏறியதே இல்லை, கீழே செக்யூரிட்டியோடு சரி. மட்டக்குளியில் ஒரு தோட்டத்தில், அதாவது சிறு வீடுகள் நெருக்கமாக இருக்கிற குடியிருப்பில், இருக்கிறவருக்கு மாநகர சபையின் தாய் சேய் கிளினிக் பக்கத்தில் இருக்கிறது, மிட்வைஃபும் தெரிந்தவர்தான், ஆனால் வீடு ஒரே அறை, மாமியார் கட்டிலில், கணவன் வாசலில், என்ன சொல்வது? மூன்றாமவர் மலையகத்திலிருந்து வந்து கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறவர். அவருக்கு இந்த நகரத்தில் முகவரியே இல்லை, லீவு நாள் எப்போது என்று வீட்டு எஜமானிதான் சொல்ல வேண்டும்.

மூவருக்கும் ஒரே சட்டம், ஒரே இலவச வைத்தியம். வித்தியாசம் அலைச்சலில் இருக்கிறது. எத்தனை பஸ் ஏற வேண்டும், எத்தனை தடவை அதே கதையைப் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும், எந்த மொழியில் சொல்ல வேண்டும், அன்றைய நாள் சம்பளம் போகுமா, பிள்ளையை யாரிடம் விடுவது. இந்த அலைச்சலைப் பெண்ணின் தலையிலிருந்து எடுத்து அலுவலகங்களின் தலையில் வைப்பதுதான் சமத்துவம். ஒரு கொள்கை நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான், கீழே எழுதியிருப்பவற்றையும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கை நீட்டினால் மட்டும்தான் வன்முறையா? அவர் அடிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் நரகம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உணர்வு ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு நாள் கோபத்தில் கத்தியதை அது சொல்லவில்லை. கொடூரமாக, கேவலப்படுத்தும் விதமாக, பாரதூரமாக, திரும்பத் திரும்ப நடக்கிற நடத்தையைச் சொல்கிறது. மிரட்டுவதும், பயமுறுத்திப் பறிப்பதும் அதில் அடங்கும். அதனால் திகதியோடு எழுதி வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு அந்த ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குறை எங்கே என்றால், சம்பளத்தைப் பறிப்பது, பாங்க் கார்டை வைத்துக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது போன்ற பொருளாதார வன்முறையை எங்கள் சட்டம் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அதே 2005இல் இந்தியா கொண்டுவந்த சட்டம் அதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. இருபது வருடமாகியும் இதைத் திருத்தாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அவரை மறியலுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை, அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வழி இருக்கிறதா?

அநேகமாக எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், இந்தச் சட்டமும் அதற்குத்தான் இருக்கிறது. இது சிவில் தன்மையான ஒரு பரிகாரம். நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். நீங்களே செய்யலாம், உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் செய்யலாம், பிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ செய்யலாம். நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்து நீதிமன்றத்திலும் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. வத்தளையில் அடி வாங்கிவிட்டு கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் இருக்கிறவர் கொழும்பிலேயே போடலாம், அந்த ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் போட வேண்டும் என்றில்லை.

நிலைமை அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தருவார், 14 நாளுக்குள் விசாரணை. அதன் பிறகு வருகிற பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம், தேவையென்றால் நீட்டிக் கேட்கலாம். அதில் என்னென்ன போடலாம் என்றால், வீட்டுக்குள் வரக்கூடாது, வேலை செய்யும் இடத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ வரக்கூடாது, போன் எடுக்கக்கூடாது, நீங்கள் குடியிருக்கிற வீட்டை விற்று உங்களைத் தெருவில் விடக்கூடாது, அவசரச் செலவுக்குக் காசு தரவேண்டும், ஆலோசனைக்குப் போகவேண்டும், இப்படி. வீட்டு உறுதி அவர் பெயரில் இருந்தாலும் அவரை வெளியே இருக்கச் சொல்ல முடியும். கட்டளையை மீறினால்தான் அது குற்றம், அதிகபட்சம் ஒரு வருடச் சிறை அல்லது 10,000 ரூபா அபராதம் அல்லது இரண்டும். 2005இல் 10,000 ரூபா என்றால் ஏதோ ஒரு தொகை, இன்றைக்கு ஒரு சாப்பாட்டு பில்.

அடித்த குற்றத்துக்குத் தனியாகத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வழக்குப் போடுவதை இது தடுக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

சட்டத்தரணிக்குக் கட்டக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. தலைமை அலுவலகம் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியிலேயே இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

பொலிஸுக்குப் போனால் 'சமாதானமாகப் போங்கோ தங்கச்சி' என்று திருப்பி அனுப்புகிறார்களே?

அனுப்புகிறார்கள். ஒரு என்ட்ரி எழுதி, புருஷனைக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை ஏசி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரே ஓட்டோவில் வீட்டுக்கு ஏற்றி விடுகிறார்கள். அந்த ஓட்டோ வீடு போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியும். சிறு காயம் என்று எழுதினால் மத்தியஸ்த சபைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. வேலித் தகராறுக்கும் கடன் தகராறுக்கும் மத்தியஸ்தம் அருமையான ஏற்பாடு, ஒரு ஆள் மற்ற ஆளுக்குப் பயந்து நடுங்குகிற இடத்தில் மத்தியஸ்தம் என்பது பயந்தவர் விட்டுக்கொடுப்பதில்தான் முடியும்.

செய்யக்கூடியது: நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். 'எனக்குப் பாதுகாப்புக் கட்டளை வேண்டும்' என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். காயம் இருந்தால் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் கேளுங்கள், அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும், காயம் ஆறுவதற்குள் போனால்தான் அறிக்கை தெளிவாக வரும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், மருந்து கட்ட பொலிஸ் என்ட்ரி தேவையில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். முறைப்பாட்டை எடுக்கவே மாட்டோம் என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ சொல்லலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

இதைத் தனித்தனிப் பொலிஸ்காரரின் குணம் என்று பார்த்தால் விஷயம் விளங்காது. எத்தனை முறைப்பாடு 'தீர்க்கப்பட்டது' என்று கணக்குக் காட்டுகிற இடத்தில் சமாதானம் என்பது ஒரு தீர்வாக எண்ணப்படுகிறது. எத்தனை பேருக்குப் பாதுகாப்புக் கட்டளை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று மேலிடம் கேட்க ஆரம்பித்தால் கீழே எல்லாம் மாறும்.

எனக்குச் சிங்களம் வராது. நான் சொன்னதைத் தமிழில் எழுதுவார்களா?

தமிழ் அரசகரும மொழி, தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் கொழும்பில் பல இடங்களில் நீங்கள் தமிழில் சொல்ல, ஒருவர் அரைகுறையாகக் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, 'இங்கே கையெழுத்து' என்பார். விளங்காத ஒன்றில் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஆனால் உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பா அம்மாவுக்கு என்ன செய்தார் என்று பத்து வயதுப் பிள்ளை இன்னொரு மொழியில் பொலிஸ்காரருக்குச் சொல்லிக்கொண்டு நிற்பது இந்த நகரத்தில் சாதாரணமாக நடக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரிந்த மகளிர் பொலிஸாரையும் தாதிகளையும் தமிழர் நெருக்கமாக வாழும் பகுதிகளில் போடுவதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம், இடமாற்றப் பட்டியலைப் பார்த்து எழுதினால் போதும்.

கணவனே பலாத்காரம் செய்தால்?

தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் வந்த திருத்தத்தின்படி, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட மனைவி என்றால்தான் அது பாலியல் வல்லுறவுக் குற்றம். சேர்ந்து வாழ்கிற மனைவிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. காயப்படுத்தியதற்கு முறைப்பாடு செய்யலாம், பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், வைத்தியம் பார்க்கலாம். ஆனால் சட்டம் இங்கே வெட்கப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது என்பதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் முஸ்லிம்கள். எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் மதம், இனம் பார்ப்பதில்லை. கல்யாணம், விவாகரத்து 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில் நடக்கும், அங்கே பஸஹ், அதாவது மனைவி கேட்கிற விவாகரத்து, கேட்க கணவனின் கொடுமை ஒரு காரணமாகும். ஆனால் அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்க காதியின் அனுமதியோ பள்ளிவாசலின் கடிதமோ தேவையில்லை, நேரே நீதவானிடம் போகலாம்.

பொதுச் சட்டத்தின் கீழ் கல்யாணம் செய்தவர்களுக்கு வேறொரு சிக்கல். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணம்: பிறர்மனை சேர்தல், தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், ஆண்மையின்மை. அடித்தான் என்பது தனிக் காரணமாக இல்லை. அடி தாங்காமல் வெளியேறியதை, அவன்தான் கைவிட்டான் என்று சட்டத்தரணி வாதாடிக் காட்ட வேண்டும். அதனால் வீட்டைவிட்டுப் போகுமுன் அடி விழுந்ததற்கு ஏதாவது பதிவு இருப்பது நல்லது, ஆஸ்பத்திரி அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் பதிவைப் பற்றி யோசிக்காமல் முதலில் கிளம்புங்கள்.

எல்லாம் குடியால்தான் வருகிறது. பாரை மூடினால் சரியாகிவிடுமே?

குடி அடியைக் கூட்டுகிறது, அதில் சந்தேகமில்லை. சம்பள நாள் இரவுகளை இந்த வேலையில் இருக்கிற யாரும் மறக்கமாட்டார்கள். சாராயத்தின் விலை, கடை திறந்திருக்கும் நேரம், விளம்பரத் தடை எல்லாம் வீட்டு வன்முறைக் கொள்கையோடும் சம்பந்தப்பட்டவைதான். 2006இல் வந்த புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் விளம்பரத்தையும் தடுத்தது, நல்லது.

ஆனால் அந்தக் குடிகாரர் குடித்துவிட்டு முதலாளியை அடிப்பதில்லை, பஸ் கண்டக்டரை அடிப்பதில்லை, வீடு வரைக்கும் வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிக்கிறார். ஒரு சொட்டும் தொடாத, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர்களும் அடிக்கிறார்கள். படித்தவர்களும் அடிக்கிறார்கள், பணக்காரர் வாழும் கொழும்பு 7இல் சுவர் உயரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆண்களும் அடி வாங்குகிறார்களே, அதை ஏன் எழுதுவதில்லை?

சட்டத்தில் கணவன் மனைவி என்று பாகுபாடு இல்லை. ஆணும் விண்ணப்பிக்கலாம், மகனிடம் அடி வாங்கும் வயதான அப்பாவும் அம்மாவும்கூட விண்ணப்பிக்கலாம். அப்படி வருகிறவர்களுக்கும் உதவி உண்டு. ஆனால் உயிருக்குப் பயந்து இரவில் பிள்ளைகளோடு வெளியே ஓடி வருகிறவர்கள் யார் என்று எந்த ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள்.

வேறு நாடுகளில் ஏதாவது உண்மையாகவே பலன் தந்திருக்கிறதா, இல்லை எல்லாம் போஸ்டரும் கருத்தரங்குமா?

பலன் தந்தவை உண்டு, அவற்றில் போஸ்டர் குறைவு. உகண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்ற திட்டம். அங்கே ஏழைக் குடியிருப்புகளில் உள்ளவர்களையே பயிற்றுவித்து, ஆண்களோடும் பெண்களோடும் வருடக்கணக்கில் கதைக்க வைத்தார்கள். அதிகாரம் யார் கையில், அதை எப்படிப் பாவிக்கிறோம் என்பதுதான் பேச்சு. திட்டம் நடந்த பகுதிகளில் துணைவனின் உடல் ரீதியான வன்முறை மற்றப் பகுதிகளைவிட 52 வீதம் குறைவாக இருந்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தென்னாபிரிக்காவின் லிம்போபோவில் ஏழைப் பெண்களுக்குச் சிறு கடனையும் ஆண் பெண் உறவு பற்றிய வகுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள், இரண்டு வருடத்தில் வன்முறை பாதிக்கு மேல் குறைந்தது, அந்த ஆய்வு 2006இல் வந்தது.

இதைப் படித்துவிட்டு 'ஆகா, கடன் கொடுத்தால் போதும்' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நுண்கடன் இங்கே என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும். வட்டி கட்ட முடியாமல் வசூலிப்பவருக்குப் பயந்து பின்கதவால் ஓடுகிற பெண்ணுக்கு வீட்டிலும் அடி, வெளியிலும் அவமானம். லிம்போபோவில் கடனோடு சேர்ந்து வந்த அந்தக் கதைப்புத்தான் விஷயம், அதைக் கழற்றிவிட்டுக் கடனை மட்டும் இறக்குமதி செய்யக்கூடாது.

கையில் காசில்லாமல் எங்கே போவது?

கொள்கை எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப்போகிற கேள்வி இது. கொழும்பில் ஒரு அறை வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால் பல மாத அட்வான்ஸ், தனியாகப் பிள்ளைகளோடு வருகிற பெண் என்றால் வீட்டுக்காரர் ஆயிரம் கேள்வி கேட்பார். அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் பாதுகாப்பு இல்லங்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, வளர்ந்த மகன் கூட இருந்தால் சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அஸ்வெசும நிவாரணம் குடும்பத்தை ஒரு அலகாக வைத்துக் கணக்கிடப்படுகிறது, குடும்பத்தைவிட்டு ஓடி வந்தவர் எந்த அலகு? அவர் அந்தப் பட்டியலில் இருந்து தன் பெயரைப் பிரித்தெடுக்க கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் ஏறி இறங்க வேண்டும், அந்தக் கிராம சேவகர் புருஷனின் கூட்டாளியாக இருந்தால் கதை முடிந்தது. பாதுகாப்புக் கட்டளை வந்த நாளிலேயே அந்தப் பெண்ணைத் தனிக் குடும்பமாகப் பதிந்து ஆறு மாதத்துக்காவது காசு கொடுக்கலாம். பெரிய செலவில்லை, எழுத வேண்டியது ஒரு சுற்றறிக்கை.

செலவுக்குக் கணவனிடம் காசு கேட்க 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, அதுவும் நீதவான் நீதிமன்றம்தான், விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்றில்லை.

அரசாங்கம் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

2024இல் பெண்கள் வலுவூட்டல் சட்டம் வந்து தேசிய மகளிர் ஆணைக்குழுவுக்கு வழி செய்திருக்கிறது. செயற்திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தாளில் குறை சொல்ல அதிகமில்லை. என்னைக் கேட்டால் புதிய அலுவலகம் திறப்பதை நிறுத்திவிட்டு, பெண் ஏற்கெனவே வந்து நிற்கிற இடத்துக்கு மற்றவர்களைக் கொண்டுவர வேண்டும். நட்பு நிலையம் இருக்கிற ஆஸ்பத்திரியில் வாரத்தில் சில நாளாவது சட்ட உதவி ஆணைக்குழுவின் ஆள் உட்காரட்டும், மகளிர் பொலிஸ் ஒருவர் அங்கேயே வந்து வாக்குமூலம் எழுதட்டும், தமிழ் தெரிந்த ஒருவர் எந்த நேரமும் இருக்கட்டும். ஒரு அறை, ஒரு தடவை கதை சொன்னால் போதும். மிட்வைஃபுக்கு இப்போதே தலைக்கு மேல் வேலை, அவர் தலையில் இதையும் கட்டுவதானால் பயிற்சியும் ஆளணியும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கேட்கமாட்டார், கேட்காததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்புறம், வீட்டு வேலை செய்கிற பெண்ணை எஜமானர் அடித்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உதவாது, அது குடும்ப உறவுகளை மட்டும்தான் பார்க்கிறது. அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுக்குள்தான் அடி வாங்குகிறார்.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. தலையிடலாமா?

தோட்டங்களில் ஒரு சத்தம் போட்டால் நாலு கதவு திறக்கும். 2010க்குப் பிறகு பல குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள், தண்ணீரும் கழிவறையும் வீட்டுக்குள் வந்தது நிம்மதி, கூடவே அந்த நாலு கதவும் போய்விட்டது. அதனால் உங்கள் கதவையாவது திறவுங்கள். சண்டைக்குள் குதிக்க வேண்டாம், சீனி கேட்கிற சாட்டில் மணி அடிக்கலாம், 119க்கு அழைக்கலாம். பிறகு அவர் தனியாக இருக்கும்போது 'எந்த நேரமும் வரலாம்' என்று சொல்லுங்கள். 'ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்?' என்று கேட்காதீர்கள், அதை அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகச் சொல்கிறார் அம்மா.

அம்மா தான் பொறுத்ததைச் சொல்கிறார், வேறு வழி அவருக்குக் காட்டப்படவில்லை. பிள்ளைகள் மற்ற அறையில் நித்திரை என்று நினைக்கிறோம், அவர்கள் நித்திரை கொள்வதில்லை. படுக்கையை நனைப்பது, பள்ளிக்கூடத்தில் மந்தமாக இருப்பது, தம்பியை அடிப்பது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்றைக்கு இரவே போக வேண்டும் என்றால்?

மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119, பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109. மனம் உடைந்து, உயிரை விடலாம் போல இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், எந்த நேரமும் ஒருவர் கதைப்பார். எடுத்த அழைப்பைப் போனில் அழித்துவிடுங்கள்.

நேரம் கிடைத்தால் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, குடிக்கிற மருந்து, பாங்க் புத்தகம் இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் முன்கூட்டியே வையுங்கள். நேரம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு வெறுங்கையோடு கிளம்புங்கள், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறகு பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.